வீடு கட்டுறப்போ பாத்த ‘வீடு’

2019ல திருச்சிக்கு வெளிய ரெண்டரை சென்ட் எடத்துல வீடு கட்ட ஆரம்பிச்சோம், கதவு ஜன்னலுக்கு மேல வர்ற லிண்டல் மட்டம் வரைக்கும் நல்லாத்தான் போச்சு, அப்புறம் லோன்ல அடுத்த தவணை வரல, மேஸ்திரி வேற சைட்டுக்குப் போயிட்டாரு, ஒருநாள் எண்ணிப் பாத்தா சிமெண்ட் மூட்டை பதினாலு குறையுது. வாட்ச்மேன் வைக்க வசதியில்ல, அப்பாதான் ராத்திரி அங்கயே கட்டில் போட்டுப் படுப்பாரு. அவருதான் சொன்னாரு, "பாலு மகேந்திரா படத்துல இதே மாதிரி வருமேடா, நீ பாத்ததில்லயா?"ன்னு. அன்னிக்கு ராத்திரியே அந்த அரைகுறை சுவத்துக்குள்ள உக்காந்து என் போன்ல ரெண்டு பேரும் ‘வீடு’ பாத்தோம்.

1988ல வந்த படம். ஆபீஸ் போற ஒரு பொண்ணு, தங்கச்சி, தாத்தா. குடியிருக்கிற வீட்டைக் காலி பண்ணச் சொல்லிடுறாங்க, கட்டுப்படியாகுற வாடகைக்கு எதுவும் அமையல, சரி சொந்தமா கட்டிடலாம்னு அந்தப் பொண்ணு எறங்குறா. அவ்ளோதான் கதை. ஆனா அப்ரூவலுக்கு அலையறது, கடனுக்கு அலையறது, கான்ட்ராக்டர் சிமெண்ட்டைத் திருடுறதுன்னு ஒவ்வொண்ணும் எங்க கதையாவே இருந்துச்சு. அர்ச்சனாவுக்கு இதுக்குத்தான் தேசிய விருது கெடச்சுது. பாட்டே கெடையாது, இளையராஜாவோட ‘ஹவ் டு நேம் இட்’ ஆல்பத்து இசைதான் பின்னணியில வரும்.

அதுல மங்கம்மான்னு ஒரு சித்தாள், பசி சத்யா பண்ணியிருப்பாங்க, அந்தம்மாதான் திருட்ட வெளிய சொல்லும். அதப் பாத்துட்டு மறுநாள் எங்க சைட்ல வேல பாத்த அக்காகிட்ட போயி கேட்டேன். மூட்டை எந்த வண்டியில போச்சுன்னு அவங்களுக்குத் தெரிஞ்சிருந்துச்சு. "யாரும் எங்கிட்ட கேக்கலயே தம்பி"ன்னாங்க. ரெண்டு மாசமா தினமும் பாத்துட்டிருந்த மனுஷி, அவங்க பேரு கூட அன்னிக்குத்தான் கேட்டேன், இப்ப நெனச்சாலும் கஷ்டமா இருக்கு.

அப்புறம் அந்தத் தாத்தா. சொக்கலிங்க பாகவதர், நாடகத்துலேர்ந்து வந்தவரு. கட்டி முடியாத வீட்டை தனியா வந்து பாக்குற சீன் ஒண்ணு இருக்கு, சுத்தி சுத்தி வருவாரு, சுவத்தைத் தொட்டுப் பாப்பாரு, முகத்துல அப்படி ஒரு சந்தோஷம். அங்க வந்ததும் எங்கப்பா எழுந்து, சுவரு சீக்கிரம் காயாம இருக்க கியூரிங்குக்கு தண்ணி ஊத்தணும்னு வெளிய போயிட்டாரு. ராத்திரி பதினோரு மணிக்கு. நான் ஒண்ணும் கேக்கல.

இந்தப் படத்தோட நெகட்டிவே இல்லாமப் போச்சுன்னு பாலு மகேந்திராவே வருத்தப்பட்டிருக்காரு. அதனால பிரிண்ட் சுமாரா இருந்தாலும் கெடைக்கிறதப் பாத்துடுங்க. பிடிச்சா அதே பாகவதர் நடிச்ச ‘சந்தியா ராகம்’ அடுத்து.

கிரகப்பிரவேசத்தன்னிக்கு சாயங்காலம் பாய் விரிச்சு சொந்தக்காரங்க எல்லாரும் ‘காதலிக்க நேரமில்லை’ பாத்தோம், அது அம்மாவோட சாய்ஸ், 1964 படம். நாகேஷ் பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்ற எடத்துல அக்கா பசங்க பாலையா மூஞ்சியப் பாத்து உருண்டு உருண்டு சிரிச்சுதுங்க. பழைய படம்னா ஓடுற பசங்க இருந்தா இதுலேர்ந்து ஆரம்பிங்க. கொஞ்சம் பெரிய பசங்கன்னா ‘அந்த நாள்’ போடுங்க, 1954லயே பாட்டில்லாம எடுத்த துப்பறியுற படம், சிவாஜியக் கொன்னது யாருன்னு தேடிட்டே போகும்.

புதுசுல நான் எல்லார்கிட்டயும் சொல்றது ‘மெய்யழகன்’, 2024ல வந்துச்சு. மெதுவா போகுதுன்னு நெறைய பேர் சொன்னாங்க, எனக்கு அந்த மெதுவுதான் படமே. 1996ல சொத்துத் தகராறுல தஞ்சாவூர் வீட்டை விட்டுட்டு ஒரு குடும்பம் கெளம்புறதுலதான் ஆரம்பிக்கும். எங்கப்பாவும் லால்குடில பங்காளி தகராறுல விட்டுட்டு வந்தவருதான், அதப்பத்தி வீட்ல பேசினதே இல்ல. படம் முடிஞ்சு ரொம்ப நேரம் கழிச்சு "அந்தத் திண்ணை இன்னும் இருக்குமாடா?"ன்னாரு.

அடுத்த ஞாயித்துக்கிழமை கூட்டிட்டுப் போனேன். திண்ணை இருந்துச்சு. இப்ப குடியிருக்கிறவங்க உள்ள கூப்ட்டாங்க, அப்பா வேணாம்னுட்டு திண்ணையிலயே உக்காந்துட்டாரு, காபிய அங்கயே கொண்டு வந்து குடுத்தாங்க.