வேட்பாளர் பிரமாணப் பத்திரத்தின் வருமான வரிக் கட்டம்: உங்களை இன்னும் உறுத்துகிற ஒன்று எது?

ஈரோடு, ஆடிட்டர் அலுவலகம்:

680 ரூபாய். 2024 மக்களவைத் தேர்தல், திருவனந்தபுரம். மத்திய இணையமைச்சராக இருந்த ராஜீவ் சந்திரசேகரின் பத்திரத்தில் 2021-22க்கு நேராக வருமானமாக இருந்த எண். புகார் போனதும், தேர்தல் ஆணையம் நேரடி வரிகள் வாரியத்தைச் சரிபார்க்கச் சொன்னதும் எல்லாருக்கும் தெரிந்த கதை. கொரோனா காலத்தில் கூட்டு நிறுவனத்தில் (பங்குதாரர்கள் சேர்ந்து நடத்துவது) வந்த நட்டம் என்று அவர் விளக்கம் சொன்னார்.

உறுத்துவது வேறு. பாதிப் பேர் அதை "680 ரூபாய் வரி கட்டினார்" என்று பகிர்ந்தார்கள். படிவம் 26-ல், அதாவது அந்தப் பிரமாணப் பத்திரத்தில், கட்டிய வரிக்குக் கட்டமே கிடையாது. பான் எண், கடைசியாக வருமான வரி ரிட்டர்ன் போட்ட ஆண்டு, ஐந்து நிதியாண்டுகளுக்கு ரிட்டர்னில் காட்டிய மொத்த வருமானம், அவ்வளவுதான். அந்த மொத்த வருமானமும் நட்டத்தைக் கழித்து, 1961 வருமான வரிச் சட்டத்தின் 80சி (சேமிப்பு, காப்பீடு) போன்ற கழிவுகளையும் எடுத்த பிறகு நிற்கிற எண். கூட்டு நிறுவனத்தில் வரும் லாபப் பங்கு அதே சட்டத்தின் 10(2ஏ) பிரிவில் விலக்கு, ஏனென்றால் நிறுவனமே அதற்கு 30% கட்டிவிடுகிறது. பங்குகளை விற்காமல் வைத்திருந்தால் விலை எவ்வளவு ஏறினாலும் அது வருமானம் ஆகாது. ஆகவே கோடிகளில் சொத்து, நூறுகளில் வருமானம் என்பது சட்டப்படியே நடக்கக்கூடியது. கேள்வியைச் சரியான இடத்தில் கேட்காவிட்டால் பதில் சொல்ல வேண்டியவர் சுலபமாகத் தப்பிவிடுவார்.

தஞ்சாவூர், ரிட்டர்ன் தாக்கல் வேலை:

என்னை உறுத்துவது 'விவசாயம்' என்ற ஒற்றைச் சொல். தொழில் கட்டத்தில் விவசாயம், வருமானக் கட்டத்தில் ஐந்து வருஷமும் 'இல்லை', இரண்டு பக்கம் தள்ளி 38 ஏக்கர். இப்படிப் பத்திரம் ஒவ்வொரு தேர்தலிலும் வருகிறது.

வேளாண் வருமானம் 1961 வருமான வரிச் சட்டத்தின் 10(1)-ல் முழு விலக்கு. அது மொத்த வருமானத்தில் சேராது, வரி விகிதம் கணக்கிட மட்டும் சேரும். அதனால் நிலத்தில் 40 லட்சம் வந்தவரும் 'இல்லை' என்று எழுதலாம், பொய் ஆகாது. ஆனால் ரிட்டர்ன் போட்டிருந்தால், 5,000 ரூபாயைத் தாண்டிய வேளாண் வருமானத்துக்கு ரிட்டர்னின் முதல் படிவம் (ஐடிஆர்-1) செல்லாது, இரண்டோ மூன்றோ போட வேண்டும். 5 லட்சத்தைத் தாண்டினால் நிலம் இருக்கும் மாவட்டம், பின்கோடு, ஏக்கர் அளவு, சொந்தமா குத்தகையா, பாசனமா மானாவாரியா என்று எழுத வேண்டும். வாக்காளருக்குத் தேவையான விவரம் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. பிரமாணப் பத்திரம் அதைக் கேட்பதே இல்லை.

எம்.எல்.ஏ. வருமானத்திலும் இதே சிக்கல். தமிழ்நாட்டில் 2017-ல் மாதம் 1,05,000 ஆக்கினார்கள். அதில் சம்பளம் என்ற பெயரில் 30,000தான், மற்றவை படிகள். தொகுதிப் படிக்கு 10(17)-ல் விலக்கு உண்டு. "எம்.எல்.ஏ. இவ்வளவு வாங்கிவிட்டு இவ்வளவுதான் காட்டுகிறார்" என்று எழுதும் முன் இதைக் கழித்துப் பாருங்கள்.

லக்னோவில் இருக்கும் தமிழர்:

ஈரோடு சாரும் தஞ்சாவூர் சாரும் சொல்வது கணக்குப்படி சரி. ஆனால் "சட்டப்படிதான்" என்று முடித்துவிட்டால் அந்தச் சட்டத்தை எழுதியவர் யார் என்ற கேள்வி அப்படியே நின்றுவிடுகிறது.

உத்தரப் பிரதேசத்தில் 1981-ல், வி.பி.சிங் முதல்வராக இருந்தபோது, அமைச்சர்களின் சம்பளச் சட்டம் வந்தது. அமைச்சர் சம்பளத்துக்கான வருமான வரியை அரசே கட்டும் என்று அதில் எழுதினார்கள். அமைச்சர்கள் ஏழைகள், தாங்க மாட்டார்கள் என்பது அன்று சொன்ன காரணம். முலாயம் சிங், கல்யாண் சிங், மாயாவதி, அகிலேஷ் என்று எந்த ஆட்சியும் அதைத் தொடவில்லை. 2019 செப்டம்பரில் பத்திரிகையில் வந்த பிறகுதான் யோகி அரசு நிறுத்தியது. அந்த ஆண்டுக்கான தொகை சுமார் 86 லட்சம். மத்தியப் பிரதேசத்தில் 1972 முதல் இருந்த இதே ஏற்பாட்டை 2024 ஜூனில்தான் கைவிட்டார்கள். மேடையில் "ஒவ்வொருவரும் நேர்மையாக வரி கட்ட வேண்டும்" என்று பேசியவர்களின் வரியை, பீடி சுற்றுகிறவர் தீப்பெட்டிக்குக் கட்டிய வரியும் சேர்ந்த கஜானா கட்டியிருக்கிறது. எந்தக் கட்சி என்று பிரித்துப் பேச இதில் இடமே இல்லை.

சென்னை, வரி வழக்குகள்:

சுருக்கமாக ஒன்று. முதல்வராக மாதம் ஒரு ரூபாய் சம்பளம் வாங்கிய காலத்தில் ஜெயலலிதாவின் 1993-94 மதிப்பீட்டு ஆண்டு ரிட்டர்ன் உரிய காலத்தில் தாக்கலாகவில்லை. அவர் பங்குதாரராக இருந்த சசி எண்டர்பிரைசஸின் 1991-92, 1992-93 ரிட்டர்ன்களும் அப்படியே. ரிட்டர்ன் போடாததற்கான 276சிசி பிரிவு வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. வரி மதிப்பீடு முடியாவிட்டாலும், ரிட்டர்ன் போடாததற்கே வழக்கு நடத்தலாம் என்று 2014 ஜனவரியில் தீர்ப்பு. பிறகு துறைக்குக் கட்டணம் கட்டிச் சமரசமாகி முடிந்தது. இருபது வருஷம். ரிட்டர்ன் போடாத சின்னக் கடைக்காரருக்கு யார் இவ்வளவு காலம் கொடுப்பார்கள்?

கோவை, பத்திரம் - வில்லங்கம் பார்ப்பவர்:

ஒரு பிரமாணப் பத்திரத்தில் கணவர் மனைவிக்கு 60 லட்சம் கடன் கொடுத்ததாக அசையும் சொத்தில் இருந்தது. மனைவியின் கடன் கட்டத்தில் பூஜ்யம். ஒரே தாள், இரண்டு பத்தி, யாரும் குறுக்கே பார்க்கவில்லை.

யாரும் கேட்கவில்லை என்றாலும் பார்க்கும் முறையைச் சொல்லிவிடுகிறேன். முதலில் அதே ஆளின் முந்தைய பத்திரத்தை எடுங்கள், தேர்தல் ஆணையத் தளத்திலேயே பழையவை இருக்கும். ஸ்கேன் மங்கலாக இருந்தால் வேட்பாளர் பத்திரங்களைத் தொகுக்கும் மைநேதா தளத்தில் தட்டச்சு செய்த எண்கள் கிடைக்கும், ஆனால் அதை மட்டும் நம்ப வேண்டாம், மூலத்தோடு ஒப்பிடுங்கள். சொத்து மதிப்பு கூடியதை இரண்டாகப் பிரிக்க வேண்டும்: பழைய சொத்தின் விலை ஏறியது ஒன்று, புதிதாக வாங்கியது இன்னொன்று. முன்னதில் தவறு இல்லை. பின்னதற்குப் பணம் எங்கிருந்து என்பதுதான் கேள்வி.

உதாரணக் கணக்கு: ஐந்தாண்டு மொத்த வருமானம் தனக்கு 34 லட்சம், மனைவிக்கு 11 லட்சம். 2022-ல் வாங்கிய மனை 1.20 கோடி, வங்கிக் கடன் 25 லட்சம். குடும்பச் செலவும் வரியும் இல்லை என்றே வைத்தாலும் 50 லட்சம் இடிக்கிறது. உடனே கத்தாதீர்கள். பழைய பத்திரத்தில் இருந்த ஏதாவது விற்றுப் போயிருக்கிறதா, உறவினர் கொடை உண்டா, வேளாண் வருமானம் உண்டா என்று பாருங்கள். 9ஏ கட்டத்தில் வருமான வழி எழுதியிருக்க வேண்டும்.

அடுத்து வில்லங்கம், அதாவது அந்தச் சொத்தின் பதிவு விவரம். படிவத்தில் சர்வே எண் இருக்கும். பதிவுத்துறைத் தளத்தில் சார்பதிவாளர் அலுவலகம், கிராமம், சர்வே எண், உட்பிரிவு போட்டால் கட்டணமின்றிப் பார்க்கலாம். கிரயத் தொகையைப் படிவத்தில் எழுதிய வாங்கிய விலையோடு ஒப்பிடுங்கள். பலர் சறுக்குவது உட்பிரிவில்: படிவத்தில் 214/2 என்றிருக்கும், பட்டாவில் அது 214/2பி1 ஆகியிருக்கும், தேடினால் 'பதிவு இல்லை' என்று வரும். பாகப்பிரிவினைக்கும் தான செட்டில்மெண்டுக்கும் கிரயத் தொகை இருக்காது. நிறுவனத்தின் பெயரில் வாங்கியது படிவத்துக்குள் நிலமாக வராது, பங்காகத்தான் வரும்.

விழுப்புரம், தேர்தல் பிரிவில் பணியாற்றியவர்:

கோவை அண்ணன் சொன்னது நல்ல முறை. ஆனால் கண்டுபிடித்ததை எங்கே கொடுப்பது என்பதில்தான் எல்லாம் வீணாகிறது. வேட்புமனுப் பரிசீலனை மேஜையில் வந்து நின்று "இவர் வருமானம் பொய், மனுவைத் தள்ளுங்கள்" என்று வாதாடுவார்கள். தேர்தல் நடத்தும் அலுவலருக்கு உண்மையா பொய்யா என்று விசாரிக்கும் அதிகாரம் இல்லை. கட்டம் காலியாக இருந்தால் நோட்டீஸ் கொடுத்து நிரப்பச் சொல்லலாம், அப்போதும் நிரப்பாவிட்டால் நிராகரிக்கலாம். உச்ச நீதிமன்றத்தின் 2013 ரிசர்ஜன்ஸ் இந்தியா தீர்ப்பு அவ்வளவுதான் கொடுத்தது.

வாயால் பேசுவதை விட்டுவிட்டு, நோட்டரி முன் உறுதிமொழி எடுத்த எதிர் பிரமாணப் பத்திரமாகக் கொடுங்கள். அதையும் அறிவிப்புப் பலகையிலும் தளத்திலும் போட்டாக வேண்டும். எந்தக் கட்டம், எந்த சர்வே எண், எந்த ஆவண எண் என்று எழுதி வில்லங்க நகலை இணையுங்கள். பொதுவாக "சொத்தை மறைத்தார்" என்று எழுதினால் யாரும் படிக்க மாட்டார்கள்.

பொய்த் தகவலுக்கு மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 125ஏ பிரிவில் ஆறு மாதம் வரை சிறை அல்லது அபராதம் அல்லது இரண்டும். வென்றவரின் தேர்வையே எதிர்ப்பதானால் உயர் நீதிமன்றத்தில் தேர்தல் மனு, முடிவு வந்து 45 நாளுக்குள், 2,000 ரூபாய் வைப்புத் தொகை. நாற்பத்தாறாம் நாள் எவ்வளவு வலுவான ஆதாரம் கொண்டு போனாலும் அந்த வழி மூடியாயிற்று.

சின்னச் சின்ன விடுபடல்களை நம்பி மனுப் போடாதீர்கள். அருணாச்சலப் பிரதேசத்தின் தேசு தொகுதி வழக்கில் மூன்று வண்டிகளைக் காட்டவில்லை என்று உயர் நீதிமன்றம் தேர்வை ரத்து செய்தது. 2024 ஏப்ரலில் உச்ச நீதிமன்றம் அதைத் திருப்பிவிட்டது: வேட்பாளர் ஒவ்வொரு அசையும் பொருளையும் எழுத வேண்டியதில்லை, மதிப்பு கணிசமாக இருந்தாலோ அவருடைய வாழ்க்கை முறையைக் காட்டினாலோதான் குறை என்றது. கோவை அண்ணன் பார்த்த அந்த 60 லட்சக் கடன் மாதிரி எண்தான் நிற்கும். சாதாரணக் கைக்கடிகாரம் நிற்காது.