ஒரே நீளத்தில் வெட்டியும் பில்லெட்டின் எடை மாறுவது ஏன்?

கேள்வி: 50 மி.மீ. விட்டமுள்ள எஃகுக் கம்பியை 100 மி.மீ. பில்லெட்டுகளாக (துண்டுகளாக) வெட்டி, ஃபிளாஷ் (உபரி உலோகம் பிதுங்கி வெளியேறும் விளிம்பு) இல்லாத மூடிய டையில் (அச்சில்) ஃபோர்ஜிங் செய்கிறோம், அதாவது சூடாக்கி அழுத்தி வடிவமைக்கிறோம். நீளம் பிசகுவதில்லை, ஆயினும் சில துண்டுகளில் டையின் மூலை நிரம்பாமல் போகிறது, சிலவற்றில் அழுத்தம் எகிறுகிறது. தவறு எங்கே?

பதில் 1: விட்டத்தை அளந்து பாருங்கள். கன அளவு விட்டத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், கம்பி 0.4 மி.மீ. தடித்திருந்தாலே ஏறத்தாழ 1,541 கிராம் இருக்க வேண்டிய துண்டு 25 கிராம் கூடிவிடும்; அதை ஈடுகட்ட நீளத்தை 98.4 மி.மீ. ஆகக் குறைக்க வேண்டும்.

பதில் 2: ஷியரில் (கத்தரிபோல் நறுக்கும் எந்திரத்தில்) வெட்டுகிறீர்களா, ரம்பத்திலா? ஷியரில் முனை நசுங்கி முகம் சாய்வதால் நீள அளவையே முழுதாக நம்ப முடியாது. என்னைக் கேட்டால், தராசுதான் நடுவர்: ஒவ்வொரு கம்பியிலும் முனையை நீக்கியபின் வரும் முதல் துண்டை எடைபோட்டு, வெட்டு நீளத்தை நிர்ணயிக்கும் ஸ்டாப்பரைத் திருத்திய பிறகே மீதியை வெட்டுங்கள்.

கேட்டவர்: ரம்பம்தான். இப்போது அளந்த கம்பியில் ஒரு முனை 50.1, மறுமுனை 50.5 மி.மீ. இருக்கிறது.

பதில் 2: அப்படியானால் முதல் துண்டு மட்டும் போதாது; எல்லாவற்றையும் எடைபோட்டுத்தான் பிரிக்க வேண்டும். உலையில் மேற்பரப்பு ஆக்சைடாகிச் செதிலாக உதிரும் எடையையும் கணக்கில் சேருங்கள்.