கடலைக்கொடியை விற்று வைக்கோல் வாங்கலாமா?

குழு: எங்கள் குடும்பம்

அண்ணன் (காலை 6:20): அனைவருக்கும் வணக்கம். கடலை பறித்து முடித்துவிட்டோம். கொடி முழுவதையும் ஒரு வியாபாரி வண்டியோடு வந்து எடுத்துக்கொள்வதாகச் சொல்கிறார். அந்தப் பணத்தில் தஞ்சாவூர்ப் பக்கமிருந்து இயந்திரத்தில் சுருட்டிய வைக்கோல் கட்டுகளை இறக்கினால், கோடை முழுவதும் ஆறு மாடுகளுக்கும் வயிறு நிறையும் என்று நினைக்கிறேன். அத்தை, கால்நடைத் துறையில் இருந்தவர் நீங்கள். உங்களைக் கேட்டுவிட்டு முடிவு செய்யலாம் என்று இருக்கிறேன்.

அத்தை (6:41): கொடியை விற்காதே, தம்பி. மாட்டின் முதல் இரைப்பையிலுள்ள நுண்ணுயிரிகள்தாம் நாரைச் செரிக்கின்றன. அவை பெருகத் தீவனத்தில் ஏறக்குறைய 7 சதவீதமாவது புரதம் வேண்டும். வைக்கோலில் இருப்பதோ 3 முதல் 4 சதவீதம்தான். அதை மட்டும் போட்டால், செரிக்காத நார் இரைப்பையிலேயே நெடுநேரம் தங்கிவிடுவதால் மாடு மேற்கொண்டு தின்னாது, பாலும் இறங்கிவிடும். கடலைக்கொடியில் 8 முதல் 12 சதவீதம் வரை புரதம் உண்டு. அதில் பெரும்பங்கு இலையில் இருக்கிறது என்பதால், மொறமொறவென்று காய்ந்தபின் உதறி இலையை உதிர்த்துவிடாமல், ஈரம் இருக்கும்போதே வேர்மண்ணைத் தட்டிவிட்டுக் காயவைத்து, பூசணம் பிடிக்காதபடி போர் போடு.

அண்ணன் (6:48): ஆறு மாடுகளுக்கும் கொடி போதாதே, அத்தை.

அத்தை (7:05): கறவை இரண்டுக்கும் சினை மாட்டுக்கும் கொடியை ஒதுக்கு. மற்றவற்றுக்கு வைக்கோலைப் பதப்படுத்திக் கொடுக்கலாம். 100 கிலோ வைக்கோலுக்கு 4 கிலோ யூரியாவை 50 லிட்டர் தண்ணீரில் முழுவதும் கரைத்து, அடுக்கடுக்காகத் தெளித்து, மிதித்து அமுக்கி, காற்றுப் புகாமல் தார்ப்பாயால் 21 நாள் மூடி வைக்க வேண்டும். உள்ளே உண்டாகும் அம்மோனியா நாரின் இறுக்கத்தைத் தளர்த்துவதோடு, புரத அளவையும் ஏறக்குறைய இரண்டு மடங்காக்கும். பிரித்ததை ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, முதல் வாரம் சிறிது சிறிதாகப் பழக்கு. ஆறு மாதத்துக்குட்பட்ட கன்றுக்கு மட்டும் காட்டவே கூடாது.

சித்தி (7:22): கரைசல் வாளியை ஒரு நொடியும் கண்பார்வையிலிருந்து விடாதே. எங்கள் செவலைப் பசு, மீதமிருந்த கரைசலைத் தண்ணீர் என்று நினைத்துக் குடித்துவிட்டது. சற்று நேரத்தில் உடல் நடுங்கி, வயிறு உப்பி, வாயில் நுரை தள்ளி விழுந்தது. மருத்துவர் வந்து சேர்வதற்குள் உயிர் போய்விட்டது. அதை நினைத்தால் இன்றும் என் மனம் ஆறவில்லை.

நான் (7:30): சேலத்தில் ஜவ்வரிசி ஆலைகளில் மாவு எடுத்தபின் மிஞ்சும் சக்கையான மரவள்ளித் திப்பியைப் பலர் வாங்குகிறார்களே, அது பிண்ணாக்குக்கு ஈடாகுமா, அத்தை?

அத்தை (7:44): ஆகாது. திப்பியில் மாவுச்சத்து நிறைய உண்டு, புரதம் மிகக் குறைவு. அடர்தீவனத்தில் தானியத்தின் ஒரு பகுதிக்கு மாற்றாகச் சேர்க்கலாமே தவிர, 40 சதவீதத்துக்கு மேல் புரதமுள்ள கடலைப் பிண்ணாக்கின் இடத்தில் வைக்க முடியாது. திடீரென்று அதிகமாகக் கொடுத்தால் இரைப்பை புளித்து மாடு படுத்துவிடும். வைக்கோலிலுள்ள ஆக்சலேட்டு சுண்ணாம்புச் சத்தை உடலில் சேரவிடாது என்பதால், தாது உப்புக் கலவையையும் நிறுத்திவிடாதே.

அண்ணன் (8:10): வியாபாரியை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டேன். முதலில் நான்கு கட்டுகள் மட்டும் வாங்கிப் பதப்படுத்திப் பார்க்கிறேன். ஒரு கட்டுக்கு எவ்வளவு யூரியா கரைக்க வேண்டும்?

அத்தை (8:13): எல்லாக் கட்டும் ஒரே எடை இருக்காது. தராசில் நிறுத்து எடையை இங்கே எழுது. அளவை நான் கணக்கிட்டுச் சொல்கிறேன்.