கிரில் பேன்: வாட்டுசட்டியா, வரிச்சட்டியா?

அன்பு நண்பர்களுக்கு,

சமையல் கருவிகளுக்கான தமிழ்ச்சொற்களின் வரைவுப் பட்டியலில், உள்ளடியில் வரிவரியாக மேடு எழுந்த கிரில் பேனுக்கு ‘வாட்டுசட்டி’ என்று போட்டிருக்கிறோம். எனக்கு ஒப்பவில்லை. வாட்டுவதென்றால் வாழையிலையைத் தணலில் காட்டுகிறோமே, அது. இங்கே தணல் சட்டிக்கு அடியிலேயே நின்றுவிடுகிறது. பொருள் மேட்டில் மட்டும்தான் படும். பட்ட இடம் சிவந்து கருகும், நடுவில் உள்ளது சூட்டிலும் ஆவியிலும் வேகும். கரிச்சுவையும் வராது. அடியில் ஓடும் வரிதான் இதன் அடையாளம், ஆகவே ‘வரிச்சட்டி’.

----

> ஆகவே ‘வரிச்சட்டி’

வருமான வரி நினைவுக்கு வரும் என்பார்கள். வரிக்குதிரையைப் பார்த்து யாருக்கும் வரவில்லையே! என் தயக்கம் ‘சட்டி’யில்தான். தோசைக்கல் வழியில் ‘வரிக்கல்’ என்றால் வார்ப்பிரும்பின் கனமும் சேர்ந்து விளங்கும். உறுப்புகளுக்கு உழவுச் சொல்லே இருக்கிறது: மேடு வரம்பு, பள்ளம் சால்.

----

வரம்பு, சால் இரண்டும் அருமை, எடுத்துக்கொள்கிறேன். ‘கல்’ மட்டும் வேண்டாம். கல் என்றதும் மாவை ஊற்றத் தோன்றும். மாவோ முட்டையோ சாலில் இறங்கிப் பிடித்துக்கொண்டால் சுரண்டி மாளாது. இதற்கு விளிம்பும் உண்டு, கைப்பிடியும் உண்டு.

விளக்கக் குறிப்பில் இதைச் சேர்க்கலாம்: வார்ப்பிரும்பை நடுத்தரத் தீயில் 5 முதல் 8 நிமிடம் வெறுமனே காயவிடவும், தெளித்த நீர் சட்டெனச் சுண்டவேண்டும். நான்ஸ்டிக்கை அப்படிக் காயவிடக் கூடாது, சுமார் 260 பாகை செல்சியசுக்கு மேல் பூச்சு சிதையும். எண்ணெயைச் சட்டியில் ஊற்றினால் சாலில் தேங்கிப் புகையும், பொருளின்மேல் தடவவும். 1 செ.மீ. தடிப்பில் நறுக்கிய கத்தரிக்காயை வைத்தபின் 3 நிமிடம் தொடவே வேண்டாம். அவசரப்பட்டுப் புரட்டினால் ஒட்டிக் கிழியும், கோடும் இரட்டையாக விழும். பனீரை ஈரம் போகத் துடைக்காவிட்டால் கோடே விழாது. மூடினாலும் அப்படித்தான்: ஆவி இறங்கி மொறுமொறுப்பு போய்விடும். கோழித்தொடை போலத் தடித்ததற்கு மட்டும், கோடு விழுந்தபின் தீயைக் குறைத்து மூடலாம்.

----

சரி, ‘வரிச்சட்டி’க்கே என் வாக்கு. விழும் கோட்டுக்கு ‘வரிச்சூடு’ போதும். புலியைப் பார்த்துப் பூனை போட்டுக்கொண்டதும் அதுதானே. கழுவும் முறையையும் எழுதுங்கள்: இளஞ்சூட்டிலேயே வெந்நீர் விட்டு, சால் போகும் திசையில் தேங்காய் நாரால் தேய்த்து, அடுப்பில் ஈரம் உலர்த்தி, துளி எண்ணெய் பூசவேண்டும். குறுக்கே தேய்த்தால் நார் வரம்பின் மேலேயே ஓடும், சாலில் கசடு தங்கிவிடும்.

மேல்மூடியிலும் வரம்பு உள்ள சாண்ட்விச் கருவியை எந்தச் சொல்லில் சேர்ப்பது?