இல்லை வேறு, தடை வேறு: அணுகல் அனுமதிக்கான சொற்கள்

வணக்கம் நண்பர்களே,

மென்பொருள் திரைகளைத் தமிழாக்கும் நம் வேலையில் பயனர், குழு, நிர்வாகி ஆகிய மூன்று சொற்களும் நிலைத்துவிட்டன, அவற்றில் இனி கை வைக்க வேண்டாம். சிக்கல் அடுத்த திரையில்தான். யார் எந்தக் கோப்பைப் படிக்கலாம், யார் மாற்றலாம், யாருக்கு எது கூடாது என்று குறிக்கிற திரை அது. அங்கே வரும் பெர்மிஷனுக்கு அனுமதி, உரிமை, இசைவு, அணுக்கம் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. என் வாக்கு அனுமதிக்கு.

உரிமையை ஏன் தவிர்க்கிறேன் என்றால், அந்தத் திரையிலேயே கோப்பின் உரிமையாளர் இருக்கிறார், மென்பொருளுக்கு உரிமம் வேறு இருக்கிறது. மூன்றும் ஒரே பிழைச்செய்தியில் சேர்ந்து வந்தால், படிக்கிறவர் எந்த உரிமையைத் தேடிப் போவார்? இசைவு அழகான சொல்தான். ஆனால் தன் தரவைப் பயன்படுத்திக்கொள்ளலாம் என்று பயனர் சம்மதிக்கிறாரே, அதற்கு அதை வைத்துக்கொள்ளலாம். அது பயனர் கொடுப்பது, நாம் பேசுவது நிர்வாகி கொடுப்பது. அணுக்கம், அணுகல் இரண்டும் கோப்பை எட்டுகிற செயலைச் சொல்கின்றன, அதற்கான அனுமதியைச் சொல்லவில்லை.

சரி, அனுமதி என்று முடிவு செய்தாலும் ஒரு இடத்தில் இடிக்கும். தமிழில் அனுமதி பெயர்ச்சொல்லும்தான், ஏவல் வினையும்தான். விண்டோஸின் பாதுகாப்புத் தாவலில் அலவ் (அனுமதிப்பது), டினை (தடுப்பது) என்று மேலிருந்து கீழாக இரண்டு பத்திகள் இருக்கும். தலைப்பிலும் அனுமதி, முதல் பத்தியிலும் அனுமதி என்றால் எது பெயர், எது கட்டளை என்று கண் தடுமாறும். இரண்டாவது பத்திக்கு மறு என்று போட்டால் இன்னும் மோசம், ஏனென்றால் மறுதொடக்கம், மறுபெயரிடு என்று பழகிய கண்ணுக்கு அது "திரும்பவும்" என்றே படும்.

இதைவிடப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அனுமதி கொடுக்காமல் இருப்பதும் கூடாது என்று தடுப்பதும் ஒன்றல்ல. ஒருவர் கணக்குக் குழுவிலும் பயிற்சியாளர் குழுவிலும் இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கணக்குக் குழுவுக்கு எழுத அனுமதி உண்டு, பயிற்சியாளர் குழுவுக்கு எதுவும் குறிக்கவில்லை. அவரால் எழுத முடியும், ஏனென்றால் குழுக்களின் அனுமதிகள் ஒன்றோடொன்று கூடும். அதே பயிற்சியாளர் குழுவுக்கு டினை போட்டிருந்தால், கணக்குக் குழு கொடுத்ததும் சேர்ந்து செல்லாமல் போகும். "மறுக்கப்பட்டது" என்ற ஒரே சொல்லை இரண்டுக்கும் போட்டால் இந்த வேறுபாடே அழிந்துவிடுகிறது.

நான் முன்பு வேலை பார்த்த ஓரிடத்தில் இது நடந்தது. புதிதாக வந்த நிர்வாகி ஒருவர், தமிழ்க் கையேட்டில் "மற்றவர்களுக்கு மறுக்கவும்" என்று படித்துவிட்டு, அனைவரும் என்ற குழுவுக்கு டினை போட்டுவிட்டார். கணக்குக் குழுவில் இருந்தவர்களும் அந்த "அனைவரில்" அடக்கம், அவரும் அடக்கம். ஒருவராலும் கோப்புறையைத் திறக்க முடியவில்லை. உரிமையாளரால் எப்போதும் அனுமதிகளைத் திருத்த முடியும் என்பதால், உரிமையாளரின் பயனர் கணக்கில் நுழைந்து தடையை எடுத்த பிறகுதான் வேலை நடந்தது. குற்றம் அவருடையது அல்ல, கையேடு எழுதியவர் தேர்ந்த சொல்லினுடையது.

அதனால் என் முன்மொழிவு: உண்டு, இல்லை, தடை. பத்தித் தலைப்பு உண்டு, தடை என்று இருக்கட்டும், இரண்டிலும் குறி இல்லாவிட்டால் அது இல்லை. "எழுத அனுமதி உண்டு", "எழுத அனுமதி இல்லை", "எழுதத் தடை" என்று வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், தானாக வருகிறது. மேல் கோப்புறையிலிருந்து இறங்கி வருவதற்கு மரபுரிமை என்று யாரோ போட்டிருந்தார்கள், அங்கேயும் உரிமை நுழைந்துவிட்டது. வழிவந்த அனுமதி, வழிவந்த தடை போதும். கோப்புக்கு நேரடியாகக் கொடுத்த அனுமதி வழிவந்த தடையை வெல்லும் என்ற விதியையும் இந்தச் சொற்களில் ஒரே வரியில் சொல்லிவிட முடிகிறது.

பிரிவிலேஜுக்கு, அதாவது கணினியில் ஒரு வேலையைச் செய்ய ஒருவருக்குத் தரும் தனி அதிகாரத்துக்கு, சலுகை என்பதை மட்டும் தயவுசெய்து எடுத்துவிடுங்கள். அனுமதி கோப்போடு ஒட்டியது, பிரிவிலேஜ் ஆளோடு ஒட்டியது. காப்புநகல் எடுக்கும் பிரிவிலேஜ் உள்ளவர், தனக்குப் படிக்க அனுமதி இல்லாத கோப்பையும் காப்புநகலுக்காக வாசிக்க முடியும். அது சலுகை ஆகுமா? அதிகாரம் என்றே சொல்லலாம். கணினிப் பாதுகாப்பு பற்றிச் சால்ட்ஸரும் ஷ்ரோடரும் 1975இல் எழுதிய கட்டுரையில் வரும் லீஸ்ட் பிரிவிலேஜ் கோட்பாட்டையும் "வேண்டிய அளவே அதிகாரம்" என்று சொன்னால் விளக்கவுரை தேவைப்படாது.

ஒரு பணிக்கு வேண்டிய அனுமதிகளைச் சேர்த்து வைக்கும் ரோலுக்குப் பங்கு வேண்டாம், பக்கத்திலேயே பகிர்வு இருக்கிறது. பொறுப்பு என்று வைப்போம். பொறுப்பு கொடுக்கிறோம், பொறுப்பேற்கிறார்கள், பொறுப்பிலிருந்து விடுவிக்கிறோம். ஆள் மாறினாலும் பொறுப்பும் அதற்குரிய அனுமதிகளும் அப்படியே நிற்கும். ரோல் வழியாக அனுமதி தரும் ஏற்பாட்டின் நோக்கமும் அதுதான்.

யூனிக்ஸ் இயங்குதளத்தின் பக்கம் படி, எழுது, இயக்கு (அங்கே இவற்றை 4, 2, 1 என்ற எண்களால் குறிப்பார்கள்) பெரும்பாலும் பொருந்துகிறது. அடைவுக்கு (யூனிக்ஸில் கோப்புறைக்கு அதுதான் பெயர்) வரும்போது மட்டும் இயக்கு பொய்யாகிவிடும். அங்கே அந்த 1 அடைவுக்குள் புகுந்து செல்வதற்கானது. அடைவைப் படிக்க மட்டும் அனுமதி இருந்தால் உள்ளே உள்ள பெயர்கள் தெரியும், கோப்புகளைத் திறக்க முடியாது. எனவே கோப்புக்கு இயக்கு, அடைவுக்கு நுழை. மூலத்தில் ஒரே சொல்தானே என்று நாமும் ஒன்றையே பிடித்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை.

அப்புறம் கடைசியாக ஒன்று. எல்லாக் குழுக்களும் கூடி, தடைகள் போக, ஒரு பயனருக்கு முடிவில் எஞ்சுவதைக் காட்டும் எஃபெக்டிவ் பெர்மிஷன் திரைக்கு இன்னும் நல்ல சொல் வரவில்லை. நிகர லாபம் என்கிறோமே, அதே நிகரத்தை எடுத்து நிகர அனுமதி என்று வைக்கலாமா? பயனுறு அனுமதி என்று பழைய கோப்பில் கிடப்பதை என்னால் எந்தப் பயனருக்கும் விளக்க முடியவில்லை. மறுப்பு இருப்பவர்கள் சொல்லுங்கள், இல்லையென்றால் இதையே சரங்களில், அதாவது திரையில் வரும் சொற்றொடர்களில், மாற்றத் தொடங்குகிறேன்.