ஆறு பேர், யெல்லோஸ்டோன்: மோட்டர்ஹோமா, டிரெய்லரா?

ஃபிரிஸ்கோ_குடும்பஸ்தன்:
வரும் கோடையில் அப்பா அம்மா மதுரையிலிருந்து வருகிறார்கள். அவர்களோடு ஆறு பேராக டல்லாஸிலிருந்து யெல்லோஸ்டோன் தேசியப் பூங்காவுக்குப் போக யோசனை. பையனுக்கு 4 வயது, மகளுக்கு 8. அப்பாவுக்குச் சர்க்கரை, அடிக்கடி பாத்ரூம் போக வேண்டும். அம்மாவுக்கு வெளிச்சாப்பாடு ஒத்துக்கொள்ளாது. அதனால் கட்டில், அடுப்பு, பாத்ரூம் எல்லாம் உள்ள ஆர்.வி. வண்டிதான் என்று முடிவாகிவிட்டது. எந்த வகை என்பதில்தான் வீட்டில் சண்டை. வீடும் இஞ்சினும் ஒன்றாக இருக்கிற மோட்டர்ஹோமை வாடகைக்கு எடுக்கலாம் என்கிறாள் மனைவி. எங்களிடம் டொயோட்டா ஹைலேண்டர் இருக்கிறது, 5,000 பவுண்டு இழுக்கும் என்று போட்டிருக்கிறான். ஒரு டிரெய்லரை வாங்கி மாட்டிக்கொண்டால் அடுத்தடுத்த வருஷமும் உதவுமே என்பது என் கட்சி. போய் வந்தவர்கள் சொல்லுங்கள்.

இழுவைக்காரன்:
தம்பி, நான் உங்கள் கட்சி. யெல்லோஸ்டோனுக்கு உள்ளே கிராண்ட் லூப் சாலை மட்டுமே 142 மைல். கரண்ட், தண்ணீர், கழிவுக் குழாய் மூன்றும் மாட்டிக்கொள்ளும் வசதி பூங்காவில் ஃபிஷிங் பிரிட்ஜ் என்கிற கேம்பில் மட்டும்தான் உண்டு. அங்கே தங்கினால் ஓல்ட் ஃபெயித்ஃபுல் வெந்நீர் ஊற்றுக்குப் போகவே ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகும். வழியில் காட்டெருமை சாலையில் நின்றுவிட்டால் எப்போது போய்ச் சேருவீர்கள் என்று யாரும் சொல்ல முடியாது.

மோட்டர்ஹோம் என்றால் தினமும் காலையில் குழாயைக் கழற்றி, வயரைச் சுருட்டி, அலமாரிகளைப் பூட்டி, மொத்த வீட்டையும் கிளப்ப வேண்டும். அப்புறம் மிட்வே கீசர் பேசின் பார்க்கிங்கில் 30 அடி வண்டியோடு நின்று முழிக்க வேண்டும். கோடையில் அங்கே காருக்கே இடம் கிடைக்காது. டிரெய்லரை கேம்பில் கழற்றி விட்டுவிட்டுக் காரில் சுற்றலாம். தெற்கே கிராண்ட் டீட்டன் பூங்காவில் மூஸ்-வில்சன் ரோட்டில் ஆர்.வி., டிரெய்லர் எதையும் விடமாட்டார்கள். காரை மட்டும் விடுவார்கள்.

இன்னொன்று. மோட்டர்ஹோமில் இஞ்சின் படுத்தால் நீங்கள் தூங்குகிற கட்டிலும் சேர்ந்தே ஒர்க்‌ஷாப்புக்குப் போகும்.

வீட்டோடு_போறேன்:
டிரெய்லரில் இஞ்சின் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறவர்கள், இழுக்கிற வண்டியை எந்தக் கணக்கிலும் சேர்ப்பதில்லை :)

ஃபிரிஸ்கோ சகோ, அந்த 5,000 பவுண்டை மறந்துவிடுங்கள். ஹைலேண்டரில் டிரைவர் பக்கக் கதவைத் திறந்தால் தூணில் ஒரு ஸ்டிக்கர் ஒட்டியிருக்கும். ஆட்களும் சாமான்களும் சேர்ந்து இத்தனை பவுண்டுக்கு மேல் போகக் கூடாது என்று எழுதியிருக்கும். அதுதான் பேலோடு. உங்கள் வகை வண்டியில் பொதுவாக 1,500க்கு முன்னே பின்னே இருக்கும். இப்போது கணக்குப் போடுங்கள். பெரியவர்கள் நால்வர் 640, குழந்தைகள் இருவர் சீட்டோடு 100. டிரெய்லர் தன் எடையில் 10 முதல் 15 சதவீதத்தை ஹிட்ச் (டிரெய்லரைக் காரோடு மாட்டும் இணைப்பு) வழியாக உங்கள் காரின் பின்பக்கத்தில் இறக்கும். டிரெய்லர் 4,500 பவுண்டு, 12 சதவீதம் என்று வைத்தால் 540. எடையை முன் அச்சுக்கும் பிரித்துக் கொடுக்கிற ஹிட்ச் வேண்டும், அது ஒரு 80. ஆக 1,360. மிச்சம் 140 பவுண்டில் பெட்டி, கூலர், ஸ்ட்ரோலர் எல்லாம் ஏற வேண்டும்.

அதுவும் 4,500 பவுண்டில் அடங்கினால்தான் இந்தக் கணக்கு. ஆறு பேர் படுக்கிற, பங்க் கட்டில் வைத்த டிரெய்லர்கள் பெரும்பாலும் காலியாகவே அந்த எடை இருக்கும். தண்ணீர் மட்டும் கேலனுக்கு 8.3 பவுண்டு. இலேசாக வேண்டும் என்று மடக்கு டிரெய்லர் வாங்கினீர்கள் என்றால், ஃபிஷிங் பிரிட்ஜில் உள்ளேயே விடமாட்டார்கள். கரடி நடமாட்டம் உள்ள இடம். கெட்டிச் சுவர் உள்ள வண்டிதான் வேண்டும், துணிச்சுவர் கூடாது.

ஆகவே நீங்கள் வாங்கப்போவது டிரெய்லர் மட்டும் அல்ல, ஒரு பிக்கப் டிரக்கும் சேர்த்து. மனைவியிடம் அந்த விலையைச் சொல்லிவிட்டு வந்து எழுதுங்கள்.

நியூஜெர்சி_நக்கல்:
எங்கள் பக்கம் இந்தச் சண்டையே கிடையாது. கனெக்டிகட் மெரிட் பார்க்வேயில் மோட்டர்ஹோமும் போகக் கூடாது, டிரெய்லரும் போகக் கூடாது. தாழ்வான பழைய பாலம் இரண்டையும் ஒரே மாதிரி சீவிவிடும்.

இழுவைக்காரன்:
ஹைலேண்டர் போதாது என்று அம்மணி சொல்வது சரியான கணக்கு. அதற்காக டிரெய்லர் கூடாது என்று எப்படி ஆகும்? ஃபிரிஸ்கோவில் நாலு வீட்டுக்கு ஒரு வீட்டில் டிரக் நிற்கிறது. ஹைலேண்டரைக் கொடுத்துவிட்டு எஃப்-150 பிக்கப் டிரக் வாங்கினால் தினப்படி ஓட்டவும் ஆயிற்று, இழுக்கவும் ஆயிற்று. டிரக்கிலும் அந்த ஸ்டிக்கரைப் பார்த்துத்தான் வாங்க வேண்டும். ஆடம்பர வசதி ஏற ஏறப் பேலோடு குறையும்.

இப்போது நான் ஒரு கேள்வி கேட்கிறேன். மோட்டர்ஹோமில் அந்த இரண்டு குழந்தைகளையும் எங்கே உட்கார வைப்பீர்கள்?

வாடகைக்குக் கிடைப்பதெல்லாம் பெரும்பாலும் கிளாஸ் சி, அதாவது டிரைவர் தலைக்கு மேலே கட்டில் துருத்திக்கொண்டிருக்கும் வண்டி. முன்னால் இரண்டு பேருக்குத்தான் கார் மாதிரி முழு பெல்ட். மற்றவர்கள் சாப்பாட்டு மேஜையைச் சுற்றி உட்கார வேண்டும். பழைய வண்டிகளில் அங்கே இடுப்பு பெல்ட் மட்டும்தான். பூஸ்டரில் (பிள்ளையை உயர்த்தி உட்கார வைக்கும் சீட்டில்) உட்காரும் 8 வயதுப் பெண்ணுக்குத் தோள் பெல்ட்டும் கட்டாயம் வேண்டும். இடுப்பு பெல்ட்டை மட்டும் போட்டுப் பூஸ்டரை வைக்கக் கூடாது என்று பூஸ்டர் பெட்டியிலேயே எழுதியிருக்கிறது. பின்னோக்கிய இருக்கையிலும் பக்கவாட்டு சோபாவிலும் கார் சீட் மாட்டவே கூடாது. மேஜையடி இருக்கையோ ப்ளைவுட் பெட்டி மேல் மெத்தை. இதையெல்லாம் யோசிக்காமல் ‘பிள்ளைகள் பின்னால் விளையாடிக்கொண்டே வரும்’ என்கிறார்கள். டிரெய்லர் கட்சியில் ஆறு பேரும் காருக்குள் முழு பெல்ட்டில். ஓடும் டிரெய்லருக்குள் யாரும் இருக்கக் கூடாது, அதனால் அந்த ஆசையே வராது.

வீட்டோடு_போறேன்:
இதில் அண்ணாவோடு எனக்குச் சண்டை இல்லை. ஆனால் வண்டிக்கு வண்டி வேறுபடும். முன்னோக்கிய மேஜை இருக்கையில் மூன்று முனை பெல்ட் வைத்த புது வண்டிகள் வருகின்றன. புக் செய்வதற்கு முன்னால் அந்த இருக்கையின் படத்தை அனுப்பச் சொல்லுங்கள். ‘ஆறு பேர் தூங்கலாம்’ என்பது வேறு, ‘ஆறு பேர் பெல்ட் போடலாம்’ என்பது வேறு. எனக்கு வண்டி கொடுத்த ஒருவர் முதலாவதை மட்டும் சொல்லிவிட்டு இரண்டாவதைக் கேட்டபோது பேச்சை மாற்றினார். வேறு இடம் பார்த்துக்கொண்டேன்.

அப்பாவின் பாத்ரூம் விஷயத்தை அண்ணா தொடவே இல்லை பாருங்கள். டிரெய்லர் என்றால் ஓரமாக நிறுத்தி, எல்லாரும் வெயிலில் இறங்கி, பின்னால் நடந்து, மடக்குப் படியை இழுத்து, கதவைத் திறந்து ஏற வேண்டும். வயோமிங் காற்றில் அந்தக் கதவைப் பிடித்து நிற்பதே ஒரு வேலை. மோட்டர்ஹோமில் ரெஸ்ட் ஏரியாவில் நிறுத்தினால் நாலு அடி நடந்தால் போதும். (ஓடும்போது எழுந்து போகக் கூடாது.)

காற்று என்றதும் நினைவு வருகிறது. ஃபோர்ட் வொர்த் பக்கம் ஓடுகிற அதே 287ஆம் நெடுஞ்சாலைதான் அமரில்லோ, லாரமி எல்லாம் தாண்டி கிராண்ட் டீட்டன் வாசலில் மோரன் வரை போகிறது. லாரமிக்கும் ராலின்ஸுக்கும் நடுவே பலர் ஐ-80 நெடுஞ்சாலையைப் பிடிப்பார்கள். எல்க் மவுண்டன் பக்கம் காற்று கூடினால் உயரமான, எடை குறைந்த வண்டிகளுக்கு மட்டும் சாலையை மூடுவார்கள். அந்தக் காற்றில் டிரெய்லர் இழுத்திருக்கிறீர்களா அண்ணா?

இழுவைக்காரன்:
இழுத்திருக்கிறேன். லாரி ஒன்று கடந்து போகும்போது வால் ஆடும். பிரேக் காலை வைக்காமல், கையில் இருக்கிற பிரேக் கன்ட்ரோலரைத் தொட்டு டிரெய்லர் பிரேக்கை மட்டும் பிடித்தால் நேராகிவிடும். காற்று அதிகம் என்றால் ராலின்ஸில் படுத்துவிட்டு விடிகாலையில் கிளம்பலாம். 12 அடி உயர மோட்டர்ஹோமும் அதே காற்றில் ஆடத்தான் செய்யும், அம்மணி அதைச் சொல்லவில்லை.

பின்னால் எடுப்பதற்கும் பயப்பட வேண்டாம். ஸ்டீயரிங்கின் அடிப்பக்கத்தில் ஒரு கையை வையுங்கள். டிரெய்லர் எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் கையை நகர்த்துங்கள், அவ்வளவுதான். ஞாயிற்றுக்கிழமை காலை காலியான கடைப் பார்க்கிங் ஒன்றில் பழகுங்கள். மனைவி பின்னால் நின்று கை காட்டுவார். அந்தக் கைக்கு என்ன அர்த்தம் என்பதை மட்டும் முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள்.

நியூஜெர்சி_நக்கல்:
இரண்டு பேரும் கழிவுத் தொட்டியைப் பற்றி மூச்சே விடவில்லையே. ஆறு பேர், ஒரு கக்கூஸ். கக்கூஸ் கழிவு சேரும் கறுப்புத் தொட்டியின் வால்வை மூடியே வைத்து, நன்றாக நிரம்பிய பிறகுதான் திறக்க வேண்டும். குழாய் மாட்டியிருக்கிறதே என்று திறந்தே விட்டால் தண்ணீர் ஓடிவிடும், மற்றது உள்ளேயே மலையாக உட்கார்ந்துவிடும். முதலில் கறுப்பு, அப்புறம் குளியல், பாத்திரத் தண்ணீர். அந்தத் தண்ணீர் குழாயைக் கழுவிக்கொண்டு போகும். கையுறை மறக்காதீர்கள். அதே கையோடுதான் அப்புறம் அடை சுடப் போகிறீர்கள்.

தாளிப்பும் வெளியே வைத்துக்கொள்ளுங்கள். உள்ளே கடுகு வெடித்தால் கட்டில் திரையில் அந்த வாசனை ஊர் திரும்பும் வரை இருக்கும். ஆனால் கரடி ஊர் ஐயா, அடுப்பும் சாப்பாடும் வேலை முடிந்ததும் உள்ளே போய்விட வேண்டும்.

இதற்கெல்லாம் பேசாமல் கேபின் எடுங்கள் என்பேன்.

ஃபிரிஸ்கோ_குடும்பஸ்தன்:
எல்லாருக்கும் நன்றி. ஸ்டிக்கரைப் பார்த்தேன், 1,500ஐ எட்டவில்லை. ஹைலேண்டரில் இழுக்கிற பேச்சு முடிந்தது. டிரக் வாங்கலாம் என்று இழுவை அண்ணன் சொன்னதை வீட்டில் சொன்னேன், பதில் இங்கே எழுதும்படி இல்லை. வாங்கினாலும் வாசலில் நிறுத்த எங்கள் எச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) விடாது, மாத வாடகைக்கு எங்காவது இடம் பிடிக்க வேண்டும்.

இப்போது இப்படி யோசிக்கிறோம். 25 அடி மோட்டர்ஹோம் வாடகைக்கு. அதில் நான், அப்பா, அம்மா. மனைவியும் பிள்ளைகளும் ஹைலேண்டரில் பின்னால் வருவார்கள். சீட், பூஸ்டர் எல்லாம் அதில் ஏற்கெனவே மாட்டியிருக்கிறது. பூங்காவுக்குள் சுற்றக் காரும் ஆயிற்று. ஆறு பேருக்கும் அதன் ஏழு இருக்கை போதும்.

வீட்டோடு_போறேன்:
நல்ல முடிவு. வாடகைக்காரர் மைலுக்கு எவ்வளவு, ஜெனரேட்டர் ஓடும் மணிக்கு எவ்வளவு என்று தனித்தனியாகக் கேளுங்கள். போக வர மட்டுமே 2,600 மைலுக்குக் குறையாது. கேலனுக்கு 8 முதல் 10 மைல்தான் கொடுக்கும்.

இழுவைக்காரன்:
இரண்டு வண்டி, இரண்டு டிரைவர், இரண்டு பெட்ரோல் செலவு. 1,300 மைல் புருஷன் ஒரு வண்டி, பெண்டாட்டி ஒரு வண்டி. இதற்குப் பேர் மோட்டர்ஹோம் பயணமாம். ஹிட்ச் இல்லாமல் டிரெய்லர் இழுக்கிறீர்கள் தம்பி, அவ்வளவுதான்.

ஃபிரிஸ்கோ_குடும்பஸ்தன்:
அண்ணா, புருஷனும் பெண்டாட்டியும் தனித்தனி வண்டி என்பதைத்தான் மனைவி இந்தத் திட்டத்தின் முதல் வசதியாகச் சொன்னாள்.

வீட்டோடு_போறேன்:
:) :) ஃபிஷிங் பிரிட்ஜ் புக்கிங்கை இன்றைக்கே பாருங்கள், சீக்கிரம் நிரம்பிவிடும். வண்டி நீளம் கேட்பார்கள். கூடவே ஒரு கார் வருகிறது, அதை எங்கே நிறுத்தலாம் என்பதையும் அப்போதே கேட்டுக்கொள்ளுங்கள்.