குடும்பக் குழு: கொக்கும் வெற்று வானமும்

நிலா: [படம்: வெளிர் சாம்பல் வானத்தில் பறக்கும் கொக்கு]

நிலா: சித்தப்பா, இன்று காலை எடுத்தது. ஒரே மேகமூட்டம். கொக்கு நல்ல வெள்ளையாகத்தான் இருந்தது, படத்தில் அழுக்கு நிறமாகத் தெரிகிறது. பிரைட்னஸ் ஏற்றினால் வானம் வெளுத்துப்போய்ச் சிறகின் ஓரமே காணாமல் போகிறது. என்ன செய்யலாம்?

வசந்தி அத்தை: சிறகு முழுவதும் விரிந்த நேரமாகப் பார்த்து எடுத்திருக்கிறாய். அழகு.

கவின்: வானத்தையே மாற்றிவிடலாம். என் போனில் அதற்கு ஆப் இருக்கிறது, பொறு.

கவின்: [படம்: அதே கொக்கு, பின்னால் செந்நிற அந்தி மேகங்கள்]

வசந்தி அத்தை: இது இன்னும் பிரமாதம்! பெரிதாக பிரின்ட் போட்டுக் கூடத்தில் மாட்டலாம்.

அம்மா: இரண்டாவது படத்தில் என்னவோ ஒட்டவில்லை. என்னவென்று சொல்லத் தெரியவில்லை.

முரளி சித்தப்பா: அண்ணி சொல்வது சரி, ஒட்டாதது வெளிச்சம்தான். மேகமூட்டத்தில் வெளிச்சம் எல்லாப் பக்கமிருந்தும் பரவி வரும். அதனால்தான் நிலாவின் கொக்கில் எங்கும் அழுத்தமான நிழல் இல்லை. அந்திச் சூரியன் பின்னால் இருந்திருந்தால் நம் பக்கம் இருண்டிருக்கும், சிறகு ஓரத்தில் பொன்னிறக் கோடு விழுந்திருக்கும், விரிந்த இறகுகளின் ஊடே ஒளி கசிந்திருக்கும். இந்தக் கொக்கில் அது எதுவும் இல்லையே.

முரளி சித்தப்பா: சிறகு நுனியையும் பெரிதாக்கிப் பாருங்கள். வேகமாக அடிக்கும்போது நுனி இறகுகள் சற்றுக் கலங்கித்தான் பதியும். அந்தக் கலங்கலில் பாதி இறகு, பாதி வானம். கொக்கை வெட்டி எடுக்கும்போது பழைய சாம்பல் வானமும் கூடவே வந்துவிட்டது. சிவப்பு மேகத்தின் மேல் ஓர் அழுக்கு விளிம்பு தெரிகிறதே, அதுதான்.

கவின்: அந்த விளிம்பை மட்டும் அழித்துவிட்டால் மாமா?

முரளி சித்தப்பா: கூடவே இறகும் போய்விடும். நுனி கத்தரித்தது போல ஆகிவிடும்.

வசந்தி அத்தை: முரளி, சுவரில் மாட்டத்தானே கேட்கிறேன். யார் இவ்வளவு கிட்டத்தில் வந்து பார்க்கப் போகிறார்கள்?

முரளி சித்தப்பா: உங்கள் சுவருக்கு என்றால் உங்கள் விருப்பம் அக்கா. ஆனால் நிலா தேதி, நேரம் எல்லாம் எழுதிப் படங்களைச் சேர்த்து வைக்கிறாள். காலையில் மேகமூட்டத்தில் பறந்த கொக்கு அந்தியில் பறந்ததாக ஆகிவிட்டால் அந்தக் குறிப்புக்கு மதிப்பில்லை. லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் காட்டுயிர்ப் புகைப்படப் போட்டியிலும் இதே எல்லைதான். கிராப் செய்யலாம், வெளிச்சம் சரிசெய்யலாம், கேமராவின் சென்சாரில் ஒட்டிய தூசி விழுத்தும் புள்ளியை நீக்கலாம். எதையும் புதிதாகச் சேர்க்கக் கூடாது, இருப்பதை எடுக்கவும் கூடாது. இறுதிச் சுற்றுக்கு வந்தால் ரா ஃபைலை, அதாவது கேமரா பதிந்த திருத்தாத மூலக் கோப்பை, வாங்கி ஒப்பிட்டுப் பார்ப்பார்கள்.

முரளி சித்தப்பா: அந்தச் சாம்பல் வானமே எனக்குப் பிடித்திருக்கிறது. இறகைத் தவிர அதில் பார்க்க வேறொன்றும் இல்லை. நிலா, ரா வைத்திருக்கிறாயா?

நிலா: இருக்கிறது சித்தப்பா. ஜேபெக்கும் இருக்கிறது.

முரளி சித்தப்பா: ராவிலேயே செய். ஜேபெக், அதாவது கேமரா சுருக்கித் தரும் படம், 8 பிட், ஒரு நிறத்துக்கு 256 படிகள்தான். வெற்று வானம் அதில் சில படிகளுக்குள் அடங்கிவிடும். அதை இழுத்தால் படிகள் பிரிந்து பட்டை பட்டையாகத் தெரியும். ரா பெரும்பாலும் 12 அல்லது 14 பிட், இழுக்க இடம் உண்டு.

நிலா: கொக்கு ஏன் இருண்டது என்று முதலில் சொல்லுங்கள். கேமராவைத் தானியங்கியில்தான் விட்டிருந்தேன்.

முரளி சித்தப்பா: கேமராவில் வெளிச்சத்தை அளக்கும் மீட்டருக்கு அது கொக்கு என்று தெரியாது. பார்ப்பது எல்லாவற்றையும் நடுத்தரச் சாம்பலுக்குக் கொண்டுவரப் பார்க்கும். முக்கால் படம் வெளிறிய வானம் என்றால் எல்லாவற்றையும் இருட்டிவிடும். மேகமூட்டத்தில் எக்ஸ்போஷர் காம்பென்சேஷனை, அதாவது கேமரா தேர்ந்த வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் அமைப்பை, +1 வைத்து எடுத்துப் பார். பருந்து போலக் கரிய பறவை என்றால் +2 வரைகூடத் தேவைப்படும். அடர்நீல வானத்தில் வெள்ளைக் கொக்கு வந்தால் கதை தலைகீழ். அங்கே ஏற்றக் கூடாது, சில நேரம் குறைக்க வேண்டும், இல்லையென்றால் முதுகு இறகுகள் வெறும் வெள்ளைத் திட்டாகிவிடும். அப்படி வெளுத்ததை எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது.

கவின்: சரி, எடுத்தாகிவிட்டது. இப்போது?

முரளி சித்தப்பா: வானத்தையும் கொக்கையும் ஒரே ஸ்லைடரால் திருத்தாதே. நிலா மாட்டிக்கொண்ட இடம் அதுதான். முதலில் படம் முழுவதையும் கொஞ்சம் ஏற்று, வானம் வெள்ளையாவதற்கு முன்பே நிறுத்து. வெள்ளைப் பறவை எடுபட வேண்டுமானால் வானம் அதைவிட ஒரு படி மங்கலாக இருக்க வேண்டும். பிறகு கொக்குக்கு மட்டும் மாஸ்க், திருத்தம் அந்தப் பகுதியில் மட்டும் படும். 2021 முதல் லைட்ரூம் என்ற படத்திருத்த மென்பொருளில் பறவையையும் வானத்தையும் தானாகவே தேர்ந்தெடுக்கும் வசதி இருக்கிறது. பின்னணி வெறுமையாக இருப்பதால் நன்றாகவே பிரிக்கும். ஆனாலும் நம்பிவிடாதே. நுனி இறகுகளின் இடைவெளி, அலகு, நீட்டிய கால்கள், இந்த மூன்றையும் பெரிதாக்கிச் சரிபார்.

முரளி சித்தப்பா: மாஸ்க்குக்குள் எக்ஸ்போஷரை மெல்ல ஏற்று, ஹைலைட்டை, அதாவது மிக வெளிச்சமான பகுதிகளை, சற்று இறக்கு. சிறகின் அடிப்பக்கம் நீலம் பாய்ந்திருந்தால் அங்கே மட்டும் ஒயிட் பேலன்ஸைக் கொஞ்சம் மஞ்சள் பக்கம் நகர்த்து. முழு வெள்ளையாக்கிவிடாதே. அடிச்சிறகில் நிழல் இருந்தால்தான் உடம்புக்கு உருண்டை வரும். ஓரங்களை அழுத்திக் காட்டும் கிளாரிட்டியை மட்டும் தொடாதே. வெற்று வானத்தில் அது பறவையைச் சுற்றி ஒளிவட்டம் போட்டுவிடும். மரம் செடி பின்னணி என்றால் கண்ணுக்குத் தப்பும், இங்கே தப்பாது.

அம்மா: படத்தில் மேலே இடது பக்கம் இரண்டு புள்ளிகள் தெரிகின்றன. தூசியா?

முரளி சித்தப்பா: நல்ல கண் அண்ணி. நிலா, அடுத்தடுத்த படங்களைப் பார். கேமராவைத் திருப்பினாலும் புள்ளி அதே மூலையில் அதே இடத்தில் இருந்தால் சென்சார் தூசி. இடம் மாறினால் வானத்தில் இருக்கும் ஏதோ ஒன்று.

நிலா: ஒன்று எல்லாப் படத்திலும் அங்கேயே இருக்கிறது, மங்கலான வட்டம். இன்னொன்று நகர்கிறது! பெரிதாக்கினால் சிறகு தெரிகிறது, வால் பிளந்திருக்கிறது. தகைவிலான் மாதிரி இருக்கிறது சித்தப்பா.

வசந்தி அத்தை: இரண்டையும் எடுத்துவிடு நிலா, கொக்கு மட்டும் தனியாக இருக்கட்டும்.

நிலா: தூசியை எடுத்துவிடுகிறேன் அத்தை. தகைவிலான் அங்கே இருந்தது, அது இருக்கட்டும்.

முரளி சித்தப்பா: அப்படியே செய். எஃப்/11, எஃப்/16 என்று லென்ஸ் துவாரத்தைச் சுருக்கச் சுருக்கத் தூசி இன்னும் அழுத்தமாகத் தெரியும், அதையும் நினைவில் வை.

கவின்: மாமா, என்னிடம் நீல வானத்தில் பருந்து படம் ஒன்று இருக்கிறது. நீலத்தை மட்டும் இருட்டினேன், வானம் முழுக்க மணல் தூவியது போல ஆகிவிட்டது.

முரளி சித்தப்பா: நீல நிற ஸ்லைடரை அதிகம் இறக்கினால் நாய்ஸ், நீ சொன்ன அந்த மணல் புள்ளிகள், மேலே வரும், சிறகு ஓரத்திலும் வெளிர்க்கோடு விழும். பாதியில் நிறுத்து. நாய்ஸ் குறைப்பதை வானத்துக்கு மட்டும் கொடு, பறவைக்குக் கொடுத்தால் இறகின் நுணுக்கம் மழுங்கிவிடும். படத்தைக் கூர்மையாக்கும் ஷார்ப்பனிங்குக்கு எதிர்ப்பக்கம், பறவைக்கு மட்டும் கொடு: அதிலுள்ள மாஸ்கிங் ஸ்லைடரை ஆல்ட் விசையோடு இழு. கறுப்பான இடம் ஷார்ப் ஆகாது. வானம் முழுவதும் கறுப்பாகும்வரை இழுக்கலாம்.

நிலா: [படம்: திருத்திய கொக்கு, சாம்பல் வானம், இடது மேல் ஓரத்தில் தகைவிலான்]

நிலா: பறக்கும் திசையில் கூடுதல் இடம் விட்டு கிராப் செய்தேன்.

அம்மா: இப்போது இறகு ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரிகிறது.

கவின்: கொக்கு நன்றாக வந்திருக்கிறது. ஆனால் வானத்தில் பட்டை பட்டையாக ஏதோ தெரிகிறதே?

நிலா: என் திரையில் அப்படி இல்லை.

முரளி சித்தப்பா: வாட்ஸ்அப் படத்தைச் சுருக்கி அனுப்புகிறது. வெற்று வானத்தில்தான் அது முதலில் காட்டிக்கொடுக்கும். ஆவணமாக அனுப்பு, சுருங்காது. அதிலும் பட்டை தெரிந்தால் கண்ணுக்குத் தெரியாத அளவு கிரெயின், அதாவது நுண்புள்ளிகள், சேர், படிகள் கலந்துவிடும்.

நிலா: [ஆவணம்: கொக்கு]

கவின்: இதில் இல்லை. சுத்தமாக இருக்கிறது.

வசந்தி அத்தை: சரி நிலா, உன் சாம்பல் வானத்தையே மாட்டுகிறேன். அந்தக் குட்டிப் பறவையும் இருக்கட்டும். எவ்வளவு பெரிதாகப் போடலாம் முரளி?

முரளி சித்தப்பா: கிராப் செய்த பிறகு எத்தனை பிக்சல் நிலா?

நிலா: 3600க்கு 2400.

முரளி சித்தப்பா: அங்குலத்துக்கு 300 பிக்சல் என்றால் 12க்கு 8 அங்குலம். சுவரில் சற்றுத் தள்ளி நின்று பார்ப்பதற்கு 200 போதும், 18க்கு 12 தாராளமாகப் போடலாம் அக்கா. பளபளப்பில்லாத தாளாகக் கேளுங்கள், விளக்கு பிரதிபலித்தால் இந்த வானத்தில் வேறெதுவும் தெரியாது.